வேலந்தாவளத்தில் பன்னிரண்டு ஆவர்த்தனம்

செல்லோப் பெட்டிக்குள் ஒரு ஆளைப் படுக்க வைக்கலாம்.
நாற்பது லிட்டர் ஸ்பிரிட்டும் வைக்கலாம்.
அதனால் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள்.

திறந்தேன். பழைய புடவை சுற்றிய மரம்,
வில், ரோசின் கட்டி, நகலெடுத்த தாள்கள்.
சசிதரன் என்று மார்பில் குத்தியிருந்தவர்
துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"வாசிச்சுக் காட்டு."

லாட்டரிக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து காட்டினேன்.
தெரேசா வால்ட்னர், மூவர் இசை, இரண்டாம் பகுதி.
அச்சுக்குப் போகையில்
பெயரை டி. வால்ட்னர் என்று சுருக்கிக்கொண்டாள்.
முதல் கச்சேரிக்கு அவள் ஊர்ப் பத்திரிகை
'உறுதியான கை, திரு. வால்ட்னர் மேலும் எழுதட்டும்' என்றது.
ஆள் யாரென்று தெரிந்த அடுத்த மாதம்
அதே பத்திரிகை, அதே இசை:
'இனிமை. வரவேற்பறைக்குப் போதும்.'
வரவேற்பறைக்குத்தானே எழுதினாள்!
மூன்று பேர், நாலு சுவர்,
அடுத்தவர் மூச்சு இழுப்பது கேட்கும் தூரம்.
பிறகு பதினோரு வருஷம் ஒன்றுமில்லை.
எழுதவில்லையோ, அச்சடிக்க ஆளில்லையோ.

இரண்டாம் பக்கத்தில் என் பங்கு நின்றுவிடும்.
பன்னிரண்டு ஆவர்த்தனம் நான் சும்மா இருக்க வேண்டும்.
வில்லைத் தூக்கிப் பிடித்து எண்ணினேன்.
"கழிஞ்ஞோ?"
"இல்ல சார், இப்ப வயலின்.
பொன்னுக்குட்டி கொழிஞ்சாம்பாறையில இருக்கா.
பியானோக்காரரும் அங்கதான்."

பின்னால் இளநீர் லாரி ஹாரன் அடித்தது.
கையைக் காட்டி அடக்கினார்.
நான் ஏழு, எட்டு என்று உதட்டுக்குள் எண்ண,
அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கொழிஞ்சாம்பாறைத் திசையைப் பார்த்து நின்றார்,
கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி.
பதிமூன்றில் நான் சேர்ந்துகொண்டேன்.
ஒருமுறை தலையாட்டினார். எதற்கென்று தெரியவில்லை.

சாயங்காலம் பங்கு மண்டபத்தில் பத்தொன்பது பேர்.
இஞ்ஞாசியின் பியானோவில் மேலே இரண்டு கட்டை ஊமை.
ஒவ்வொரு பகுதிக்கும் கைதட்டினார்கள்.
முடிவில் தட்டவில்லை,
இன்னும் இருக்கிறது என்று நினைத்து.
பிபியானா சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்:
"பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

திரும்பும்போது சாவடியில் வேறு ஆள்.
பெட்டியைத் தொடவில்லை.
பதிவேட்டில் கையெழுத்து மட்டும் கேட்டார்.
மத்தியானத்து வரி மலையாளத்தில் இருந்தது,
எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
மூன்று நாற்பது. பெரிய வயலின் ஒன்று. ஸ்பிரிட் இல்லை.
அதற்கடியில், வேறு மையில்,
பிறகு நினைத்துக்கொண்டு எழுதியதுபோல:
மீதி இரண்டும் கொழிஞ்சாம்பாறையில்.