துப்பத் தெரிந்தவள்

திரியெஸ்தே துறைமுகத்தின் ஏழாம் கிடங்கில்
நீவெஸ் கொஸ்லொவிச்சுக்கு
காப்பியைத் துப்புகிற உத்தியோகம்.

கரண்டியில் உறிஞ்சி
நாக்கில் ஒரு சுற்று உருட்டி
பித்தளைக் குவளையில் துப்பிவிட்டு எழுதுவாள்:
புளிப்பு தூக்கல்.
ஈரச் சாக்கு வாடை.
இது பரவாயில்லை, சரக்கை இறக்கலாம்.
நாளைக்கு நூற்றிருபது கரண்டி.
பத்தொன்பது வருஷம்.

விழுங்குவதெல்லாம் வெளியேதான்.
விடியுமுன் நின்றபடி ஒன்று.
பஸ் நிறுத்தத்தில் ஒன்று.
கணக்கர் லிவியோ நீட்டினால் மறுக்க முடியாத ஒன்று.
மதியச் சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு.
கிடங்கை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய பிறகு
எண்ணுவதை விட்டுவிட்டாள்.

மார்ச் மாதம், மலையிலிருந்து போரா காற்று
ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்,
மீன்கடை வரிசையில் நின்றவளின் நெஞ்சுக்குள்
யாரோ, பூட்டிய கடையின் ஷட்டரை
உள்ளேயிருந்து தட்டினார்கள்.

டாக்டர் ஃபுர்லான் நீளக் காகிதத்தை உருவிப் பார்த்தார்.
இதயத்தில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லையென்றால்
தட்டியது யார் என்றாள்.
அவர் பேனாவை மூடினார்.
எத்தனை காப்பி?
எத்தனை மணிக்குத் தூக்கம்?
நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான்
அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைத்தாள்.
முதல் மூன்று நாள்
கோயில் மணிக்குள் தலையை விட்டதுபோல் வலி.
இரவுக்குச் சீமைச் சாமந்தி நீர்.
குடித்துப் பார்த்து, கை பழக்கத்தில்,
மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதினாள்:
வைக்கோல். லேசான துக்கம்.
கப்பலைத் திருப்பி அனுப்பவும்.

ஆனாலும் குடித்தாள்.

வீட்டுக்கு நடந்தே போனாள், கடலோரமாக.
மூச்சை இப்படி விடு அப்படி இழு என்று
யாரோ கொடுத்த துண்டுத்தாள்
காற்றில் பறந்து போனது.
துரத்தி ஓடியதில்
அன்றைக்குத் தேவையான மூச்சு தானாக வந்தது.

ஞாயிறு இரவு
சிவப்பு வரி போட்ட பீன்ஸ் கொட்டையைத்
தண்ணீரில் போட்டாள், யோட்டா சூப்புக்கு.
புளித்த முட்டைக்கோஸ் ஜாடி பக்கத்தில் தயார்.
கொட்டையை ஊறவைப்பதென்றால்
நாளை மதியம் நான் இருப்பேன், பசிக்கும்,
உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று
எங்கோ ஒரு சின்னக் கையெழுத்துப் போடுவது.
அப்படியொன்றும் அவள் நினைக்கவில்லை.
உப்பு இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

மூன்று மணிக்கு அது வந்தது.
ஷட்டர். தட்டல்.
உள்ளங்கை ஈரம்.
ஜன்னலுக்கு வெளியே
எவருடைய கொடிக்கயிறோ கம்பத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

வழக்கமாக இந்த நேரம் அவள் விழுங்குவாள்.
மொத்தமாக, சூடாக,
அடுத்த மாத வாடகை, கிடங்கு, ஐம்பத்திரண்டு வயது,
எல்லாவற்றையும் ஒரே மடக்கில்.

அன்று எழுந்து உட்கார்ந்தாள்.
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
முதலில் தகரம்.
பிறகு பிப்ரவரியில் வந்த கடிதம், இன்னும் பிரிக்காதது.
அடியில், ரொம்ப அடியில்,
ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டு
நர்ஸ் வேண்டாமென்ற ஒரு வாய்த் தண்ணீர்.

ஓ, நீயா என்றாள்.

தட்டல் நின்றதா என்றால், இல்லை.
வியாழக்கிழமை லிவியோ நீட்டிய இரண்டாவது காப்பியை
வாங்கிக் குடித்தும் விட்டாள்,
கை நடுங்க, வெட்கமில்லாமல், அவ்வளவு நன்றாயிருந்தது.
கிடங்கு விற்கப்படுமா, தெரியாது.
பீன்ஸ் கொட்டை கடனை அடைக்காது.

ஆனால் அந்த மூன்று மணிக்கு
சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டாள்.
கிண்ணத்தில் கொட்டைகள் பருத்து
தோல் சுருங்கி, வரிகள் மங்கியிருந்தன.
ஒன்றை எடுத்து விரலிடுக்கில் அமுக்கினாள்.

வேகவில்லைதான்.
இருந்தாலும்
கொஞ்சம் இடம் கொடுத்தது.