நெற்சப்பி

வெள்ளிக்கிழமை கறன்ட் பிடிச்சு முடிய
தெல்லிப்பழையிலிருந்து மூன்று பஸ் மாறி
மல்லாவியில் வந்திறங்கினேன்.
இருபத்திரண்டு முடிஞ்சுது. பதின்மூன்று கிடக்கு.
யோகவதி கலண்டரில் கீறி வைக்கிறாள்,
பால்கணக்குக்குப் பக்கத்தில்.

என்ர மூஞ்சைக்கு அளவெடுத்து ஒரு வலை செய்திருக்கினம்.
சுடுதண்ணியில் இளகின பிளாஸ்ரிக்.
அதைப் போட்டுக் கட்டிலோடு பூட்டிவிட்டு
எல்லாரும் வெளியே ஓடுவினம்.
சிரிப்பு வரும், சிரிக்க ஏலாது.
செல்லடித்த காலம்
ஓடினது நாங்கள்,
கட்டில்தான் தனிய நின்றது.

முதலில் வெறும் ஊசிமருந்துதான்.
மூன்று தரம் ஏற்ற, நாக்கடிக் கட்டி சுருங்கினது,
பிறகு ஒன்றும் நடவாத மாதிரி வளர்ந்தது.
"மருந்துக்குப் பழகிட்டுது" என்றார் டொக்டர்.
புது மாப்பிள்ளை மாமி வீட்டுக்குப் பழகினது போல.
இப்போ வேறு மருந்தும் கறன்டும் சேர்த்து.
ஒன்றுக்குத் தப்பினது மற்றதுக்கு அகப்படுமாம்.

எனக்கு இதை விளக்கத் தேவையில்லை.
இருபது வருசம் கூலிக்கு மருந்தடித்தவன்.
முதுகில் டாங்கி, கடைவாயில் வெத்திலை,
மணம் தெரியாமலிருக்கப் புகையிலை ஒரு துண்டு.
கடைக்காரன் போத்தலை மாற்றித் தருவான்,
நான் அளவைக் கூட்டுவேன்,
ரெண்டைக் கலந்தும் அடித்திருக்கிறேன்.
செத்த புல்லு விதைக்காது.
நின்றது விதைக்கும்.
அடுத்த போகம் முழுக்க
நின்றதின் பிள்ளைகள்.

வவுனிக்குளத்துத் தண்ணி வாய்க்காலில் வருது.
எனக்குத்தான் எச்சிலில்லை.
கஞ்சித்தண்ணி மூக்குக்குழாயால் போகுது,
உப்புப் போட்டாளோ தெரியாது,
கேட்கவும் முடியாது.

வயலில் கோரை படுத்திட்டுது.
நெற்சப்பி மட்டும் பச்சையாய் நிற்குது,
நெல்லுக்கு நடுவில் நெல்லு மாதிரி.
நெல்லுக்கு இலையடியில் சின்னதாய் ஒரு நாக்கு இருக்கும்.
அதுக்கு இராது. அவ்வளவுதான் வித்தியாசம்.

யோகவதி சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.
ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்துப் பிடுங்குகிறாள்.
"இதுக்கும் நாக்கில்..."
அரைவாசியில் விட்டாள்.
என்னைப் பார்க்காமல்
குனிந்து அடுத்ததைப் பிடித்தாள்.

வரம்பிலிருந்து நான் கையைத் தட்டினேன்.
பின்னால்,
அவளின் காலடிக்குப் பக்கத்தில்,
ஒன்று விட்டுப்போச்சு.