பதினான்காம் மின்மாற்றி

மைனஸ் இருபத்தெட்டில்
செம்புக்கும் குளிர்கிறது.
அறுத்தெடுத்த கம்பிச்சுருளைத் தோளில் மாட்டி
ஜேங்கிஷ் கால்வாயிலிருந்து ஏறி வருகிறான்,
மூச்சு அவன் மீசையிலேயே உறைந்துவிட்டது.
நூற்றுப்பன்னிரண்டு கம்பிகள் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில்
என் சுண்டுவிரலைவிட மெல்லிசாய்
ஒரு மஞ்சள் இழை.
"இவ்வளவுதானா?" என்கிறான்.
இவ்வளவுதான்.

நரின் ஆற்றில் பனிப்பாளம் முனகுவது
வேலிக்கு இப்பாலும் கேட்கிறது.
நகரத்திடம் கேட்டு வாங்கிய
நாற்பது நிமிட இருட்டு இது.
தாண்டினால் குழாய்களில் தண்ணீர் கல்லாகும்,
மருத்துவமனை டீசல் குடிக்க ஆரம்பிக்கும்,
மேலதிகாரி தொலைபேசியில் என்னை முழுப்பெயரில் கூப்பிடுவார்:
புருல்சா கசிமோவ்னா.
முழுப்பெயர் நல்லதற்கு வராது.

பழைய ரிலேக்களுக்காக என்னிடம் கண்ணீர் இல்லை.
போன பிப்ரவரியில் அவற்றில் ஒன்று
தவறான ஃபீடரைத் துண்டித்துக்
கோழிப்பண்ணையில் அறுநூறு குஞ்சுகளை விறைக்கவைத்தது.
ஏன் என்று கேட்டோம்.
கருப்புப் பெட்டி, கண்ணாடி மூடி,
ஒரு பல்சக்கரம்.
பதில் சொல்லத் தெரியாது அதற்கு.

புதியது பதில் சொல்லும்.
நொடிக்கு நாலாயிரம் முறை நாடி பிடிக்கும்,
செயற்கைக்கோளிடம் மணி கேட்டுத்தான் வாய் திறக்கும்.
அந்த மணிதான் வரவில்லை.
திரையில் பெட்டிகள்
ஒன்றையொன்று நம்பாமல் சிவந்து நின்றன,
சம்பந்தம் பேசி முறிந்த வீட்டார் போல.
முப்பத்தொன்றாவது நிமிடம்
ஜேங்கிஷ் கூரையேறினான்.
ஆன்டெனாவின் அடியில் ஒரு திருகு தளர்ந்திருந்தது.
கையுறை கழற்றி வெறும் விரலால் முறுக்கினான்.
விரல்நுனித் தோல் கொஞ்சம்
இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது.

பச்சை.
பிறகு பச்சை, பச்சை.
பிரேக்கர்கள் அறைந்து மூட,
மலைச்சரிவில் தெருத் தெருவாக
ஜன்னல்கள் விழித்தன.
இரண்டு நிமிடம் மிச்சம்.
தெர்மாஸ் மூடியில் ஆளுக்குப் பாதி தேநீர்.

யாரும் கேட்காமலே
அது சொல்லத் தொடங்கியது.

பதினான்காம் மின்மாற்றி:
அனுப்பியது அறுபத்தொன்று கிலோவாட்.
மீட்டர்கள் ஒப்புக்கொண்டது ஐம்பத்திரண்டு.
கையும் இல்லை, களவும் இல்லை,
பிடிபட்டது ஒரு கழித்தல் கணக்கு.

கம்பளி ஆலைத் தெரு. பதினொரு வீடுகள்.
கடைசி வீட்டின் நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால்
கம்பத்திலிருந்து இறங்கும் இரண்டாவது கம்பி,
தரைப்பலகைக்கு அடியில் சுருள் சுருளாய் ஓடுகிறது.
எனக்கு எப்படித் தெரியும்?
அந்தப் பலகைமேல் மூன்று குளிர்காலம்
வெறுங்காலோடு நடந்திருக்கிறேன்.
"வாடகையில் சூடும் அடக்கம்"
என்றாள் வீட்டுக்காரி ஜிபார், சாவி கொடுத்த அன்று.
மீட்டர் காட்டிய பணத்தை
ஒரு நாள் தவறாமல் கட்டுகிறவள்.
மின்வாரியத்தில் பொறியாளர் நான்,
எங்கிருந்து சூடு என்று
கேட்கவில்லை.
எனக்குள்ளும் ஒரு கருப்புப் பெட்டி இருந்தது,
கண்ணாடி மூடியோடு.

"என்ன அது, அந்தச் சிவப்பு?"
ஜேங்கிஷ், விரலை வாயில் வைத்தபடி.

காரணம் என்ற இடத்தில் மூன்று வரிகள்:
அளவீட்டுப் பிழை.
கசிவு.
அனுமதியற்ற இணைப்பு.
முதல் வரியில் அம்புக்குறி
வெகுநேரம் நின்றது.
எவ்வளவு நேரம் என்பதும்
எங்கோ பதிவாகியிருக்கும்,
மைக்ரோநொடி பிசகாமல்.

மூன்றாவது.
முகவரி என்று கேட்டது.
என் முகவரியை எழுதினேன்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது
ஜிபார் சால்வையோடு நின்றாள்.
"கரண்ட் போய் வந்ததே, உன் வேலைதானா?
நல்லபடியாக முடிந்ததா?"
முடிந்தது என்றேன்.
"பூட்ஸைக் கழற்று, தரை கதகதவென்றிருக்கிறது."

வாசற்கால் மிதியடிமேல்
பனி உருகும்வரை நின்றேன்,
கழற்றாமல்.