பன்னிரண்டு நிமிடத் தாள்

கீழ்ப்பாக்கத்தில் கூட்டம்.
ஏசி அதிகம், காபி ஆறிவிட்டது.
வருங்கால டாக்டர்களை
அறிவுத்திறன் சோதனை வைத்தும் சலிக்கலாமா
என்று ஆராய ஒரு குழு.
எழும்பூரில் பிஞ்சு நெஞ்சுகளைத்
திறந்து மூடுகிற கை என்பதால்
அதில் நானும் ஒருத்தி.

மாதிரித் தாளை நீட்டினார்கள்.
சும்மா எழுதிப் பாருங்களேன் மேடம்.
முக்கோணம், வட்டம், கறுத்த கால்வட்டம்,
அடுத்து வருவது எது.
முப்பது கேள்வி, பன்னிரண்டு நிமிடம்.
மூன்றைத் தொடவே நேரமில்லை, ஐந்து தப்பு.
முன்மொழிந்த கட் ஆஃப் இருபத்துமூன்று.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
என் சிரிப்பு மட்டும்
கொஞ்சம் தாமதமாக நின்றது.

அப்போதே எதிர்த்துப் பேசியிருக்கலாம்.
தோற்றவள் பேசுகிறாள் என்பார்கள்.
அதுகூடக் காரணமில்லை.
புனிதவதி ஞாபகம் வந்தாள்.

வார்டில் எந்தத் தாய்க்குப் பால் கட்டியிருக்கிறது,
யார் புருஷன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை,
யார் நேற்றிலிருந்து பன் மட்டும் தின்கிறாள்,
எல்லாம் அவளுக்குத் தெரியும்.
ஒரு புதன்கிழமை விடிகாலை
டிஜாக்சின் சீட்டில்
புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்தாள்.
ஒரே ஓர் இடம்.
இரண்டே கால் கிலோ குழந்தை.
சாயங்காலம் தொட்டிலில் விரிப்பை மாற்றினார்கள்.

அரவமுதன் கதவருகே நின்றே சொல்லிவிடுவான்,
அழுகையின் சுருதியை வைத்து
எந்த வால்வு என்று.
இந்தத் தாளைக் கொடுத்தால்
ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டு
அச்சுப் பிழையையும் வட்டமிட்டுத் தருவான்.
பிள்ளை பிழைத்த அன்று
கும்மிடிப்பூண்டிக்காரி ஒருத்தி
அவன் காலில் விழக் குனிந்தாள்.
ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதோ என்று
தானும் குனிந்து பார்த்துவிட்டுப்
போய்விட்டான்.
அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூ.

என் பேரனுக்கு ஒன்று என்றால்
அரவமுதனைத்தான் கூப்பிடுவேன்.
இதைக் குழுவில் சொல்லவில்லை.
கூப்பிட்டுவிட்டு, ஆபரேஷன் அறைக்கு வெளியே
புனிதவதியின் நம்பரைத் தேடிக்கொண்டிருப்பேன்
என்பதையும் சொல்லவில்லை.
அவள் இப்போது போரூரில் துணிக்கடை வைத்திருக்கிறாள்.

புள்ளியியல் பேராசிரியர் கனைத்தார்:
இந்த மாதிரிப் படமே பார்த்திராத
கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளை என்ன செய்யும்?
பழகினால் வந்துவிடும், என்றார் எதிரே இருந்தவர்.
பழகினால் வந்துவிடுவதற்குப் பெயர்
அறிவுத்திறனா சார்?
பதில் வரும் முன் சமோசா வந்தது.
மேல் பரிசீலனைக்கு, என்று எழுதிக் கலைந்தோம்.

சேத்துப்பட்டில் ரயில் ஏறினேன்.
கோடம்பாக்கம் தாண்டும்போது
ஜன்னலில் ஒரு பேனர்:
மருத்துவ அறிவுத்திறன் தேர்வு, அட்மிஷன் நடைபெறுகிறது.
நாங்கள் இன்னும் முடிவே எடுக்கவில்லை.

எதிர் சீட்டில் ஒரு பையன்,
கோச்சிங் சென்டர் பையை மடியில் கட்டிக்கொண்டு
தூங்கிப் போயிருந்தான்.
ஒவ்வொரு குலுக்கலுக்கும்
தலை ஜன்னல் கம்பியில் இடித்தது.
எழுந்து போய் என் கைப்பையை
இடையில் செருகினேன்.
விழிக்கவில்லை. நல்லது.

பழவந்தாங்கலில்
பதினேழாம் கேள்வி தானாக விழுந்தது.
சுற்றியது கறுப்பு இல்லை, சதுரம்.
முக்கால் மணி நேரம் தாமதம்.
யாருக்கும் பயனில்லாத சந்தோஷம்
தாம்பரம் வரை நீடித்தது.

வண்டி நின்றதும் திடுக்கிட்டு எழுந்தான்.
எந்த ஸ்டேஷன் ஆன்ட்டி?
தாம்பரம்.
ஐயோ, குரோம்பேட்டை போயிடுச்சா,
ஆறரைக்கு டெஸ்ட்டு.
என் கைப்பையை என்னிடமே தந்துவிட்டு
எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினான்.

அவனிடம் நான்
ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.
படமெல்லாம் இல்லாதது.
எங்கேப்பா இறங்கணும்.