பொட்டலத்தின் எடை

ஜூரோங்கில் எங்கள் கிளினிக் சுவரில்
ஒரு தட்டு ஒட்டியிருக்கிறது.
பாதி காய்கறி, கால் பங்கு சோறு, மிச்சம் மீன்.
நான்கு மொழியிலும் அதே தட்டு.

சேவுகமூர்த்தி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.
ஹுய் மின் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன்:
மாவுச்சத்து, நார்ச்சத்து, இரத்தச் சர்க்கரை அளவு,
உயர்நிலைப் பள்ளியில் எனக்கு மதிப்பெண் வாங்கித்தந்த சொற்கள்.
அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.
அவள் ஒவ்வொரு கட்டத்திலும் சரி போட்டாள்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும்.
'நீங்க சொல்றீங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்',
அவ்வளவுதான் அதற்குப் பொருள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
வெளியே இன்னும் பதினேழு பேர்.

அடுத்த முறை அவர் வந்த நாளில் நான் விடுப்பு.
கைப்பேசியை மேசையில் வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.
அது என்ன கேட்டதோ, என்ன சொன்னதோ,
கோப்பில் இருந்தது: ஊசியைத் தொலைத்துவிட்டார்.
புதிதாக ஒன்று எழுதிக்கொடுத்து
காசும் வாங்கியிருந்தார்கள்.
அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே சொல்.
தமிழில் சொன்னால், பேச்சுக் கேட்காதவர்.

மூன்றாம் முறை. எண் இன்னும் ஏறியிருந்தது,
திரையில் சிவப்பு.
"என்ன மிஸ்ஸி எழுதியிருக்கு?"
"பிறந்த தேதி" என்றேன்.

அப்புறம் பேனாவை மூடிவிட்டு,
தேக்காவில் மீன் வாங்குகிற தமிழில் கேட்டேன்:
"சோறு எத்தன மணிக்கு வருது?"

"நாலு மணிக்கு மிஸ்ஸி, விடியுறதுக்கு முன்ன.
ரெண்டு பொட்டலம்.
லாரி அஞ்சே காலுக்கு.
துவாஸ்ல கம்பியில பை தொங்கும், வெயில்ல.
பன்னெண்டுக்குப் பிரிச்சா கறி ஊசிப்போயிருக்கும்.
வெறுஞ்சோத்தத் தின்னுட்டு ஏறிடுவேன்.
அன்னைக்கும் இதத்தான் சொன்னேன்,
அந்தப் போன்கிட்ட."

ஊசிப்போயிருக்கும்.

ஹுய் மின் என் முகத்தைப் பார்த்தாள்.
சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.
விளக்க ஐந்து நிமிடம் பிடித்தது,
டாக்டர் கோ இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார்.
அவருடைய இரண்டு ஊசிப் பேனாவும்
விடுதி அறைக் குளிர்பெட்டியில்
யாருடைய தயிருக்கோ பின்னால் பத்திரமாக இருந்தன.
ஒன்றைத்தான் தொட்டிருந்தார், அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள்.
"தினம் போட்டா பர்மிட்டுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"
என் கையில் பதில் இல்லாத கேள்வி.
இல்லை என்று சொல்லவில்லை,
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலத்தை
பிரிக்காமல் அடுத்த நாள் கொண்டுவந்தார்.
தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைத்தோம்.
சோறு மட்டும் அறுநூற்று நாற்பது கிராம்.
ஹுய் மின் கரண்டியால் நடுவில் ஒரு கோடு கிழித்தாள்.
இந்தப் பக்கம் மட்டும்.

"அந்தப் பக்கத்தக் கொட்டணுமா மிஸ்ஸி?"

கொட்டணுமா என்பதை அவளுக்குச் சொன்னேன்.
அதிலிருந்த பயத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன் என நினைக்கிறேன்.
கரண்டியைக் கீழே வைத்தாள்.
அவர்கள் வீட்டில், தட்டில் பருக்கை மிச்சம் வைத்தால்
முகமெல்லாம் அம்மைத் தழும்புள்ள மாப்பிள்ளை வருவானாம்.
"அதனால்தான் நான் இன்னும் கல்யாணம் செய்யவில்லை
என்று சொல்" என்றாள்.
சொன்னேன்.
மூன்று தடவை வந்து போனவர்
அப்போதுதான் சிரித்தார், பல் தெரிய.

பாதியை முதலிலேயே பிரித்து,
சமைக்க நேரமில்லாத ராத்திரி ஷிப்டு ஆளுக்குக் கொடுப்பதென்று
அவரே முடிவு செய்தார்.
நாங்கள் சொல்லவில்லை.
நடக்குமா, தெரியாது.
இந்த முறை அவர் தலையாட்டவும் இல்லை,
"பாப்போம் மிஸ்ஸி" என்றார்.
எனக்கு அது போதுமாக இருந்தது.

கோப்பில் அந்தச் சொல்லை அழிக்க
எனக்கு அனுமதி கிடையாது.
அடியில் எழுதினேன்:
சோறு விடியற்காலை நான்கு மணிக்கு வருகிறது.
ஊசி தொலையவில்லை.
கறிதான் ஊசிப்போனது.

கடைசி வரியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று
வீட்டுக்குப் போகும் ரயிலிலும் யோசித்தேன்,
பூன் லே தாண்டியும்.