துண்டு 4127

உவர்மலையில் வாடகை அறை.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வேலை.
அதன் கிறீச்சுச் சத்தத்தில் ஒரு சொல் தவறினாலும்
துண்டுக்கு ஆறு ரூபாய் போச்சு.

குரல்கள் வரும்.
யார் யாரோ தமிழில் பேசிய குரல்கள்.
கேட்டுவிட்டு ஒரு பெட்டியை அழுத்த வேண்டும்:
மகிழ்ச்சி, கோபம், துக்கம், பயம், ஒன்றுமில்லை.
எங்கோ ஓர் இயந்திரம் அதைப் பார்த்து
மனம் பழகுகிறதாம்.

மீன் விலைக்கு வாதாடுகிறவளுக்குக்
கோபம் என்று போட்டேன். சரியாம்.
அவளுக்கு அது விளையாட்டு.
சந்தையில் தினமும் கேட்கிறேனே.

நேற்று 4127.
நாலு விநாடி, ஒரேயொரு 'ம்'.
ஆண். ஐம்பது வயதிருக்கலாம்.
பின்னால் குக்கர் விசில்,
அதற்கும் பின்னால் மூதூர்ப் படகின் இரைச்சல்
அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

பதினேழு தரம் போட்டுப் பார்த்தேன்.
சொல்ல வாயெடுத்து
உதட்டை மூடி
உள்ளேயே வைத்துக்கொண்ட ம்.
துக்கம் என்று அழுத்தினேன்.

சிவப்பில் வந்தது:
உங்கள் விடை மற்ற நால்வருடன் பொருந்தவில்லை.
நால்வருக்கும் அது
ஒன்றுமில்லை.

கட்டாரிலிருந்து ஜெயரூபன் எடுத்து
சுகமோ என்று கேட்டபோது
நானும் ம் என்றுதான் சொன்னேன்.
அவன் அதை எந்தப் பெட்டியில் போட்டானோ
பின்னேரமே காசு வந்துவிட்டது.
நான் கேட்டது காசில்லை.
ஆனாலும் எடுத்தவன் அவன் ஒருத்தன்தான்.

காசு எடுத்துக்கொண்டு வரும்போது
கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான்
என்னையே பார்த்து நின்றது.
'அந்தக் கண்ணில் எவ்வளவு கருணை'
படமெடுத்தபடி சொன்னாள் ஒரு சுற்றுலாக்காரி.
அது பார்த்தது
என் கையிலிருந்த வாழைப்பழத் தோலை.

இரவு பதினொன்றரை.
திரை தானாக மங்கி ஒரு வரி எழுந்தது:
நீண்ட நேரம் வேலை செய்கிறீர்கள்.
கலைப்பாக இருக்கிறதா?

மூன்று மணிக்கொரு தரம் எல்லோருக்கும் வருகிற வரி.
போன கிழமையும் வந்தது,
அதே எழுத்துப்பிழையோடு.
கேட்கிறதுக்கு அங்கே ஆளில்லை என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஆனால் கண் முட்டிவிட்டது.
அந்தக் கண்ணீரை எந்தப் பெட்டிக்குள் தள்ள?
அது அனுப்பியதா, நான் வைத்திருந்ததா?

குடாவுக்கு அக்கரையில் மா ஆலை
தூங்காமல் எரிந்துகொண்டிருந்தது.
ஒலிவாங்கி அணைந்திருந்தது.
அறையில் வேறு யாருமில்லை.

'ம்' என்றேன்.

எழும்பி
மின்விசிறியைப் போட்டேன்.