ஓட்டாத தூரம்

கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்
என்று ஒத்துக்கொண்டார் லாலா கடைக்காரர்.
ஐம்பது பைசா, எங்கள் கிளை மேலாளர்.
வங்கியைப் பெருக்கித் துடைப்பவள்
மூன்று ரூபாய் போடச் சொன்னாள்.
பேர் எழுதக் கூடாதாம்,
அதனால் இங்கேயும் எழுதவில்லை.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு
நாற்பது கருவி வாங்க வேண்டும்.
பழனியில் விடியுமுன் டயரை அமுக்கிப் பார்த்து
ஒன்பது பேர் கிளம்பினோம்.

சவரிக்காடு வரை பேசிக்கொண்டே ஏறினோம்.
அதற்குமேல் பேச்சு மூச்சானது.
அடுத்த கல், அடுத்த கல் என்று
மலை தன் பாக்கியைச்
சில்லறையாகவே கேட்டு வாங்கியது.
வாழைத்தார் லாரிகள்
பிரேக் கருகும் வாடையோடு இறங்கின.
சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி
அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.
வளைவில் ஒரு காட்டுமாடு
எங்களைப் பார்த்தது, மென்றது, மறுபடி பார்த்தது,
இதற்கா இவ்வளவு என்பதுபோல்
திரும்பிக்கொண்டது.

வடகவுஞ்சி தாண்டி
என் வலது முட்டி பூட்டிக்கொண்டது.
பின்னால் முதல் கியரில் முனகிக்கொண்டு
குட்டியானை வந்து நின்றது.
சிக்கந்தர் கதவைத் திறந்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று கிலோமீட்டர்
தண்ணீர்க் கேன்களோடும் பஞ்சர் பெட்டியோடும்
நானும் ஒரு சாமானாய் மேலே போனேன்.
ஜன்னலில் கற்கள் கடந்தன
வலிக்காமல்.

இரவு கொடைக்கானலில்
ஈரச் சாக்ஸ் நாறும் அறை.
கணக்கு நோட்டு என்னிடம்.
"எனக்கு மூணு கழிக்கணும்" என்றேன்.
யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு பெனடிக்ட் இருமினான்:
மேலே வந்த காலி லாரியின் சங்கிலியைப்
பிடித்துக்கொண்டு நான்கு வளைவு.
நாகஜோதி தள்ளிக்கொண்டு நடந்தாளாம்.
"நடந்தா சேருமா, சேராதா?"
சேரும் என்றார்கள் ஐந்து பேர்.
சேராது என்றாள் அவளே.
இப்படி ஆளாளுக்கு அவிழ்த்துக் கொட்டியதில்
பதினொன்று தேறியது.
கடைசிப் பக்கத்தில் புதிதாய்த் தலைப்பிட்டேன்,
ஓட்டாத தூரம்.

கதவோரம் நின்று
ரசத்தை டம்ளரில் ஊதிக் குடித்த சிக்கந்தர்
"அத நான் மிதிச்சிர்றேன்" என்றான்.
"பள்ளிக்கூடத்தோட விட்டதுதான்.
மறந்தா போயிரும்?"
இறக்கம் கணக்கில் வராது என்று
கறாராகச் சொன்னான் பெனடிக்ட்,
சங்கிலியின் துரு இன்னும் உள்ளங்கையில்.
"ஏத்தமாவே குடு, தம்பி."

காலையில் பூம்பாறைச் சாலை.
என் ஹெல்மெட், என் சைக்கிள்,
சீட்டை மூன்று விரல் உயர்த்தி
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன்.
ஸ்டீயரிங்கில் நான்.
லைசென்ஸ் உண்டு,
மலையில் ஓட்டியது இல்லை.
பைன் மரங்களுக்குள்
பனி இன்னும் படுத்திருந்தது.
நாலாவது கிலோமீட்டரில் இறங்கி
மைல்கல்லில் உட்கார்ந்தான்.
கண்ணாடியை இறக்கினேன்.
கையை மட்டும் ஆட்டினான்,
எழுந்தான்.

அவன் முதுகு
இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து போக,
அவன் மூச்சுக்கு
என் கால் கிளட்சில் காத்திருந்தது.
நேற்று முழுக்க ஒன்பது பேருக்கு
இப்படித்தான் காத்திருந்திருக்கிறான்.
அந்தத் தூரத்துக்கு
எந்தக் கடைக்காரரும்
பைசா எழுதித் தரவில்லை.

எட்டு. ஒன்பது.
பத்தில் ஏதோ முணுமுணுத்தான்,
பாட்டோ வசவோ, காற்று கொண்டுபோய்விட்டது.
பதினொன்று ஆனதும்
ஹாரனுக்குக் கை போனது.
வளைவு திரும்பியது.
தூரத்தில் பூண்டு வயல்கள்
படி படியாய் வெயிலுக்குள்.
அவன் நிறுத்தவில்லை.
நான் அடிக்கவில்லை.

பன்னிரண்டு.

பதின்மூன்றை
எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.